கடல் வரைபடத்தில் மாமியார் வீடு

நாற்பத்தொரு படகுகளில் எவர் இருமினாலும், அது யாருடைய இருமல் என்று சொல்லிவிடக்கூடிய ஒருவர் அந்த மீன்பிடித் துறைமுகத்தில் இருந்தார். மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடியறையில், உப்புக்காற்றில் கண்ணாடி மங்கிப்போன ஒற்றைச் சன்னலுக்கு அருகில், ஒரு கால் குட்டையான நாற்காலியில் அவர் அமர்ந்திருப்பார். குட்டைக் காலுக்கு அடியில் மடித்த அட்டை ஒன்று இருக்கும். மேசைமேல் இரண்டு வானொலிப் பெட்டிகள்; சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடல் வரைபடம். அவருக்கு வயது நாற்பத்தாறு. பெற்றோர் வைத்த பெயர் சங்கத்தின் ஊழியர் பட்டியலில் மட்டுமே இருந்தது. ஊருக்கு அவர் 'ரேடியோ அக்கா'. அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படியே அழைத்தார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அவருடைய தந்தை படகு வைத்திருந்தவர். தந்தைக்குப் பின் படகு தம்பிக்குப் போயிற்று. கடலைப் பற்றிய ஞாபகமெல்லாம் மகளிடம் தங்கிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், வானொலி அறையில் இருந்தவர் ஒரு வாரம் விடுப்பில் சென்றபோது, "ஒரு வாரம் பார்த்துக்கம்மா" என்று அக்காவை அங்கே உட்கார வைத்தார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

வேலை எளியது, ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாதது. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். படகிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்ததும் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டு, அருகில் அவர்கள் நிற்கும் இடத்தை எழுத வேண்டும். தொலைவில் நிற்கும் படகுகளின் பேச்சு ஒன்றுக்கொன்று எட்டாது. ஆகவே ஒருவர் சொன்னதை மற்றவருக்கு எடுத்துச் சொல்வதும் அவர் வேலையே. நிரம்பிய குறிப்பேடுகள் இரும்பு அலமாரியில் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

அந்தக் குறிப்பேடுகளை வெளியாள் எவரேனும் புரட்டினால் குழம்பிப்போவார். 'மாமியார் வீடு', 'தலைகாணி', 'தபால் பெட்டி', 'கணக்கு வாத்தியார்' என்றுதான் எழுதியிருக்கும். கடலுக்குச் சுவர் இல்லை, வானொலிக்குக் கதவும் இல்லை. ஒருவர் பேசுவதை எல்லாரும் கேட்கலாம். நல்ல மீன் கிடைக்கும் இடத்தை உள்ளபடி சொன்னால், அடுத்த அரைமணி நேரத்தில் பக்கத்துத் தெருப் படகுகள் அங்கே வந்து நிற்கும். ஆகவே தெற்குத் தெருக்காரர்களும் வடக்குத் தெருக்காரர்களும் தத்தம் இடங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு முயன்றாலும் கொஞ்சமே கிடைக்கும் இடம் கணக்கு வாத்தியார். போனால் வயிறு நிறைந்தாலும் நீரோட்டம் நெடுநேரம் தங்கவிடாத பாறை மாமியார் வீடு. அது அக்காவின் குடும்பத்துக்குச் சொந்தமான இரகசியம். கரையிலுள்ள இரட்டை மலையின் இரண்டு முகடுகளும் ஒன்றின் பின்னால் மற்றொன்று மறைந்து, ஒற்றை முகடாகத் தெரியும் கோட்டில், இரண்டு மணி நேரம் ஓட்டினால் அந்தப் பாறை வரும். வெளியே சொல்வதில்லை என்று தந்தை அக்காவிடமும் தம்பியிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். பிற குடும்பங்கள் வைத்த பெயர்களை அக்கா அன்றாடம் கேட்டார், எழுதினார். அவை எங்கே இருக்கின்றன என்று ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை அன்று.

இப்படி இருந்த கடலுக்குள்தான் அந்த ஆண்டு இரண்டு பெரிய நாடுகள் வந்து சேர்ந்தன.

ஒரு நாடு சாம்பல் நிறப் போர்க்கப்பலை அனுப்பியது. மற்றொரு நாடு வெள்ளை நிற ஆய்வுக்கப்பலை அனுப்பியது. கடலடியை அளப்பதாக வெள்ளைக்கப்பல் சொன்னது. கடல்வழியைக் காப்பதாகச் சாம்பல்கப்பல் சொன்னது. உண்மையில் வெள்ளை எங்கே போகிறது என்று சாம்பல் பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பல் எதைப் பார்க்கிறது என்று வெள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் அவற்றுக்குச் 'சம்பந்திகள்' என்று பெயர் விழுந்தது. கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டு எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளுக்கு நடுவே பந்தி பரிமாறுபவனின் கதிதான் படகுக்காரர்களுக்கு.

வலைகள் அறுந்தன. ஒரு கப்பல் மற்றொன்றைக் குழப்ப ஏதோ அலைகளைப் பரப்புமாம். அந்த நாள்களில் படகிலுள்ள இடங்காட்டித் திரைகள் பித்துப் பிடித்தவைபோல ஆடின.

"அக்கா, என் படகு பஸ் ஸ்டாண்டுல நிக்குதாம். திரை சொல்லுது."

"எத்தனாம் நம்பர் பஸ்ஸுன்னு பாரு. அப்படியே ஏறி வீட்டுக்கு வந்துடு."

சிரித்துச் சமாளித்தார்கள். ஆனால் மாலை அழைப்பின்போது "இருக்கேன்" என்னும் குரல் சற்றுத் தாமதித்தாலும் அக்கா அதே பெயரை உடனே மறுபடி அழைத்தார்.

அன்று காலை, கடலோரக் காவல்படையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சாம்பல்கப்பல் இன்ன இடத்தில் நங்கூரமிட்டிருக்கிறது. இரண்டு மைல் தொலைவுக்குள் எவரும் நெருங்கக்கூடாது. இடம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் இருந்தது. இத்தனை பாகை, இத்தனை கலை. ஆறு மணி அழைப்பு முடிந்ததும் அக்கா அந்த எண்களை இரண்டு முறை நிறுத்தி நிதானமாகப் படித்தார். அன்று பார்த்துத் திரைகள் மீண்டும் பித்துப் பிடித்திருந்தன. எண்களைக் கேட்டவர்களுக்கு அவற்றால் பயன் ஏதும் இல்லை. எல்லாரும் மலையைப் பார்த்தே படகை ஓட்டினார்கள். கடலின்மேல் தாழ்வாக மங்கல் வேறு கவிந்திருந்தது; மலை முகடு தெரிந்தது, கப்பல் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குத் தம்பியின் குரல் வந்தது.

"அக்கா! மாமியார் வீட்டுல விருந்து! நம்ம நாலு பேரையும் உடனே வரச் சொல்லு. லேட்டா வந்தா எச்சில் இலைதான்!"

இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். அக்காவின் வாய் தானாகத் திறந்தது. சித்தப்பா பிள்ளைகளின் நான்கு படகுகளுக்கும் செய்தி போயிற்று. அவை நான்கு திசைகளிலிருந்தும் முழு வேகத்தில் அந்தப் பாறையை நோக்கித் திரும்பின.

அறிவிப்புக் காகிதம் அவருடைய முழங்கைக்கு அடியிலேயே கிடந்தது. அதிலிருந்த எண்களையும் மாமியார் வீட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எண்கள் இருந்தது காகிதக் கடலில்; மாமியார் வீடு இருந்தது பேச்சுக் கடலில். இரண்டும் ஒரே கடல் என்பதை அந்த அறையில் எவரும் ஒருநாளும் கோடு போட்டுப் பார்த்ததில்லை. போடுவதற்குத்தான் சத்தியம் தடையாயிற்றே.

பதினொரு மணிக்குக் கடலோரக் காவல்படை அதிகாரி மாடிப்படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார். அக்காவின் வயதுதான் அவருக்கும்; ஆனால் அந்த ஓராண்டில் அவர் தலை பாதி நரைத்திருந்தது.

"அக்கா, உங்க தம்பி படகைப் பிடிச்சு வெச்சிருக்காங்க."

"யாரு?"

"சாம்பல்காரங்க. 'ஒரு ரகசிய உத்தரவு ரேடியோல வந்துச்சு, உடனே அஞ்சு படகு நாலு பக்கமும் சுத்தி வளைச்சு எங்க மேல பாஞ்சுது'ங்கறாங்க. எச்சரிக்கை வெளிச்சம் விட்டிருக்காங்க. மத்த நாலும் திரும்பிடுச்சு. உங்க தம்பி மட்டும் நகரல."

"வலை தண்ணிக்குள்ள இருந்திருக்கும் சார். வலையை விட்டுட்டு எவன் வருவான்?"

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியணுமே. வெள்ளைக்கப்பலுக்கு இவங்க வேவு பாக்கறாங்கன்னு சந்தேகம். அந்த வெள்ளைக்கப்பல் சும்மா இருக்கா? 'மீனவர்களைக் காப்பாத்த வர்றோம்'னு கிட்டக் கிட்ட நெருங்கி வருது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடிங்கற மாதிரி ரெண்டு பேரும் எனக்கே போன் போட்டுத் திட்டறாங்க." அவர் எதிரே கிடந்த நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அது கிளம்புது. அதுக்குள்ள விளக்கம் கிடைக்கலைன்னா, படகையும் அதுல இருக்கற ஆறு பேரையும் அவங்க ஊர்த் துறைமுகத்துக்கே கொண்டுபோய் விசாரிப்பாங்களாம். போனா எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

பிறகு தம் கைப்பேசியை எடுத்து ஒரு பதிவை ஒலிக்கவிட்டார். 'மாமியார் வீட்டுல விருந்து' என்று அக்காவின் குரலே அக்காவுக்குக் கேட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா இரும்பு அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒரு இடத்தை மட்டும் இப்ப சொன்னா நம்புவாங்களா சார்?" என்று கேட்டார்.

"மாட்டாங்க. இப்பத்தான் ஜோடிச்சீங்கன்னு சொல்லுவாங்க."

"எல்லா இடத்தையும் சொன்னா? இருபத்திரண்டு வருஷத்து நோட்டையும் சேர்த்துக் காட்டினா? இந்த ரெண்டு கப்பலும் கனவுல கூட இல்லாத காலத்துலேர்ந்து எழுதியிருக்கேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப நம்பித்தான் ஆகணும். ஆனா உங்க ஆளுங்க சொல்லுவாங்களா?"

அதுதான் கேள்வி.

ஒரு மணிக்குக் கீழே ஏலக்கூடத்தில் கூட்டம் கூடியது. ஈரத் தரையில் நின்றும், மீன்பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தும் கரையில் இருந்தவர்கள் அனைவரும் சேர்ந்தார்கள். அக்கா வரைபடத்தைச் சட்டத்தோடு இறக்கிக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தியிருந்தார். விஷயத்தைச் சொல்லி, எல்லாரும் தத்தம் இடங்களை அதில் குறிக்க வேண்டும் என்று கேட்டார்.

வடக்குத் தெருவின் தலைவர் எழுந்தார். மீசையாலேயே அறியப்பட்ட மனிதர். அக்காவின் தந்தையோடு முப்பது ஆண்டுகள் போட்டி போட்டவர்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கற கதையா இருக்கே! உன் தம்பி மாட்டிக்கிட்டான்னா, எங்க அப்பன் பாட்டன் தேடி வெச்ச இடத்தை நாங்க ஏம்மா ஊரறியச் சொல்லணும்?"

"என் தம்பி மட்டும் இல்லைங்க, மீசைக்காரரே. உங்க மச்சான் மகனும் அதே படகுலதான் வேலை பாக்கறான்."

"அவன் போறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டானா?" குரல் சற்றே இறங்கியது, மீசை இறங்கவில்லை.

"சரி, அவங்களை விடுங்க. நாளைக்கு உங்க படகு போகும். 'தலைகாணி'க்கு வாங்கன்னு நீங்க கூப்பிடுவீங்க. அந்தக் கப்பல்காரன் காதுல அது என்னவா விழும்? இன்னிக்கு வெளிச்சம் விட்டான். நாளைக்கு என்ன விடுவான்?"

"நம்மளைக் காப்பாத்தறதுக்கு ரெண்டு பேர் வந்திருக்கான். நமக்குத்தான் மூச்சு முட்டுது" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

அக்கா கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினார். பென்சிலை எடுத்தார். செத்துப்போன தந்தையிடம் மனத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார். இரட்டை மலையின் இரு முகடுகளையும் இணைத்து, அளவுகோலை வைத்துக் கடலுக்குள் ஒரு கோடு இழுத்தார். கோட்டின்மேல் பதினெட்டுக் கடல்மைல் அளந்து ஒரு புள்ளி வைத்தார். அருகில் 'மாமியார் வீடு' என்று எழுதினார்.

"எங்க வீட்டுச் சொத்து இதுதான். முதல்ல நாங்களே சொல்லிட்டோம்."

மீசைக்காரர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். அவர் முகம் போன போக்கைக் கண்டு, நெஞ்சுவலியோ என்று ஒருவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

"இது... இது எங்க தலைகாணி ஆச்சே!"

"என்னது?"

"இரட்டை மலை ஒண்ணாகுற கோடு, ரெண்டு மணி நேரம். எங்க அப்பா சத்தியம் வாங்கிட்டுச் சொன்னது! சாயங்காலம் மட்டும் போன்னாரு!"

"எங்க அப்பா காலையில மட்டும் போன்னாரு!"

"அதானே பாத்தேன்!" மீசைக்காரர் மேசையில் ஓங்கி அறைந்தார். "எப்பப் போனாலும் பாதி தின்னுட்டு வெச்ச மாதிரியே இருக்குமே! முப்பது வருஷமா அந்தப் பாறையைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

முதலில் சிரித்தவர் அதிகாரிதான். பிறகு கூடமே சிரித்தது. கடைசியில் மீசைக்காரரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமி முடித்ததும் அவரே கையை நீட்டி, "பென்சிலைக் குடு. நீ ஒரு இடம் சொன்னா நான் ரெண்டு சொல்லணும். வடக்குத் தெருன்னா சும்மாவா?" என்றார்.

அதன்பின் வரைபடத்தைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. யார் அதிகம் அறிந்தவர் என்பதே போட்டியாகிவிட்டது. நான்கு மணிக்குள் அறுபத்துமூன்று பெயர்கள் ஏறின. ஆனால் இடங்கள் என்னவோ நாற்பத்தேழுதான். மூன்று பெயர் கொண்ட பாறை ஒன்றும் இருந்தது. அதன் உரிமையாளர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று திசைகளில் நின்றார்கள்.

வரைபடத்தை மாடிக்குக் கொண்டுபோனார்கள். "முதல்ல சாம்பலுக்கு அனுப்பிடலாம்" என்றார் அதிகாரி.

"வேண்டாம் சார். ஒருத்தருக்கு மட்டும் சொன்னா அது கோள். ரெண்டு பேருக்கும் ஒண்ணாச் சொன்னா அதுதான் சேதி. பொதுவா எல்லாரும் கேக்கற அலைவரிசையில படிக்கிறேன்."

அவர் வாசித்தார். பெயர், மலைக்குறி, எண் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். காகிதக் கடலும் பேச்சுக் கடலும் அன்றுதான் முதன்முறையாக ஒரே வாயிலிருந்து வந்தன. இறுதியில், எந்தெந்த ஆண்டில் எந்தெந்தப் படகு அங்கே நின்றது என்பதற்குக் குறிப்பேடுகள் இருக்கின்றன என்றும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அவர் முடித்ததும் சாம்பல்கப்பலின் மொழிபெயர்ப்பாளர் பேசினார். மொழியைப் புத்தகத்தில் மட்டுமே கற்றவர் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"அம்மையீர், நன்று. யாம் இதனைச் சோதிக்க விழைகிறோம். எழுத்து ஏதுமற்ற வரைபடம் ஒன்றைத் தங்கள் சகோதரரிடம் அளித்துள்ளோம். அவரும் அதே இடங்களைக் குறித்தால் ஐயம் நீங்கும். ஆயினும் அவர் காலை முதல் வாய் திறக்கவில்லை. தேநீர் மட்டும் மும்முறை அருந்தினார்."

அக்காவுக்கு எல்லாம் விளங்கிற்று. அவன் கல்லுளிமங்கன். தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் கப்பலின் பீரங்கிக்கு முன்னால் உட்கார்ந்தும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

"அவனைக் கொஞ்சம் பேச விடுங்க" என்றார்.

கரகரப்புக்குப் பின் தம்பியின் குரல் வந்தது. "அக்கா, கவலைப்படாதே. நான் ஒண்ணுமே சொல்லல."

"அதாண்டா இப்பப் பிரச்சினை! குறிச்சுக் குடுத்துடு. மாமியார் வீடு, தபால் பெட்டி, எல்லாத்தையும்."

"அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கோம்!"

"நான் மீறிட்டேன். அப்பா வந்து கேட்டா என்னைக் கேக்கட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுடா. மீசைக்காரருக்கே தெரிஞ்சு போச்சு."

"யாரு?" குரல் வெடித்தது. "அந்த ஆளுக்கா? அக்கா, கப்பல்காரனுக்குச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல!"

"கப்பல்காரனுக்கும் சொல்லியாச்சு. நீ குறி."

பக்கத்தில் நின்ற மீசைக்காரர் குனிந்து ஒலிவாங்கிக்குள், "மாப்ளே, உங்க மாமியார் வீட்டுலதான் நான் முப்பது வருஷமாத் தலைகாணி போட்டுப் படுத்திருக்கேன்" என்றார். மறுமுனையில் தாளில் பென்சில் உரசும் ஓசை.

பத்து நிமிடங்கள் கழிந்தன.

"அம்மையீர்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "அவர் குறித்தவை ஒன்பது இடங்கள். ஒன்பதும் பொருந்துகின்றன. தங்கள் சகோதரர் புறப்படலாம். மேலும்..." ஒரு தயக்கம். "எமது தலைவர் ஒன்று வினவுகிறார். கணக்கு வாத்தியார் என்னும் இடத்திற்கு அப்பெயர் வந்த காரணம் யாது?"

அக்கா காரணம் சொன்னார். கப்பலுக்குள் எவரோ சிரிக்கும் ஓசை வானொலியில் கேட்டது. இன்னொரு சிரிப்பும் மெல்லியதாகக் கேட்டது. அது வேறு எங்கிருந்தோ வந்தது. வெள்ளைக்கப்பலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்று மாலை ஐந்தரை மணி அழைப்பில், பத்தொன்பதாவதாகத் தம்பியின் படகை அக்கா பெயர் சொல்லி அழைத்தார். "இருக்கேன்" என்று பதில் வந்தது. கோடு சற்றுக் கோணலாக விழுந்தது. அவர் அதை அழித்துத் திருத்தவில்லை.

சம்பந்திகள் சமாதானமாகிவிடவில்லை. வலைகள் இன்றும் அறுகின்றன. திரைகள் சில நாள் படகைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஆனால் அறுபத்துமூன்று பெயர்களும் ஏறிய வரைபடத்தைக் காவல்படை அச்சிட்டு இரண்டு கப்பல்களுக்கும் அனுப்பியது. மறுமாதம் ஒருநாள் காலை அழைப்பு முடிந்ததும், "அம்மையீர், இன்று யாம் பத்து மணி முதல் நான்கு மணி வரை தலைகாணிக்கு அருகில் நிற்போம்" என்று குரல் வந்தது. சாம்பல் சொன்னபின் வெள்ளை சும்மா இருக்குமா? மறுநாளே அதுவும் தான் நிற்கும் இடத்தைச் சொல்லத் தொடங்கியது. ஒருபடி மேலே போய் 'மாமியார் வீடு' என்றே சொன்னது. குறிப்பேட்டில் நாற்பத்தொரு பெயர்களுக்குக் கீழே அக்கா இரண்டு வரிகளைக் கூடுதலாகச் சேர்த்தார். அந்த மாதத்துக்குப் பின் எந்தப் படகின்மேலும் எவரும் எச்சரிக்கை வெளிச்சம் விட்டதில்லை.

சென்ற வாரம் தம்பி தாழ்ந்த குரலில் அழைத்தான்.

"அக்கா, புதுசா ஒரு இடம் மாட்டியிருக்கு. பேரு 'சின்ன வீடு'ன்னு வெச்சிருக்கேன். யாருக்கும் சொல்லாதே."

"பேரை மாத்துடா. உன் பொண்டாட்டியும் ரேடியோ கேப்பா. மலைக்குறியைச் சொல்லு, வரைபடத்துல போடணும்."

"நாளைக்குச் சொல்றேனே..."

அப்போது அலைவரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்து, அடக்க முயன்று, தோற்றுப்போய் இருமினார். அக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"மீசைக்காரரே, தண்ணி குடிச்சிட்டு நிம்மதியாக் கேளுங்க. தம்பி, நீ சொல்லு."